நாலு இலக்கமும் நம் வீட்டுக் கவலையும்

"பிளேன் போவுது. யாரு பெத்த பிள்ளையோ, நல்லபடியா போய்ச் சேரட்டு" என்பாள் அம்மை. குழித்துறை ஆற்றில் துணி துவைக்கும்போதும் தலைநிமிர்ந்து பார்ப்பாள். வளைகுடாவில் ஒரு சொந்தக்காரனாவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. ஆகவே விமானம் நமக்கு வெறும் வேடிக்கை அல்ல நண்பர்களே!

ஆனால் செல்போனில் விமானம் பார்க்கும் நம் கூட்டாளிகள் சிலர், 7700 என்ற எண்ணைக் கண்டதும் "பிளேன் விழப் போவுதுடே!" என்று ஊருக்கெல்லாம் செய்தி அனுப்பிவிடுகிறார்கள். இது சரியா?

அந்த எண் என்ன? தரையிலுள்ள இரண்டாம் நிலை ரேடார் 1030 மெகாஹெர்ட்சில் "நீ யார்? எந்த உயரம்?" என்று கேட்கும். விமானத்தின் டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்சில் பதில் சொல்லும். அந்தப் பயணத்துக்கெனக் கட்டுப்பாட்டாளர் கொடுத்த நான்கு இலக்க எண் அதில் இருக்கும். 8, 9 வரவே வராது. நாம் மார்க்குக்காக உருப்போடும் ஆக்டல் முறைதான்! எட்டை நான்கு தடவை பெருக்க 4096 எண்கள். 7500 கடத்தல், 7600 ரேடியோ பழுது, 7700 அவசரநிலை. அவசரநிலை என்றால் பயணி ஒருவருக்கு நெஞ்சுவலியாகவும் இருக்கலாமே! 2019 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஒரு விமானி கைதவறிக் கடத்தல் எச்சரிக்கை கொடுத்து, நிலையமே கலங்கியது. விமானி கையே தவறுமென்றால், நாம் அவசரப்படலாமா?

"இதெல்லாம் வேலையில்லாதவன் பார்க்கிற வேலை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானமும், டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர். சவூதி விமானத்தில் பலர் பிழைப்புக்காகப் போனவர்கள். 15,000 அடியில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் மேலும் கீழே இறங்கியது. கட்டுப்பாட்டாளரிடம் இருந்ததோ முதல்நிலை ரேடார். அது இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. அதற்குப் பிறகே மோதல் தவிர்ப்புக் கருவி இங்கே கட்டாயமானது. அந்தக் கருவியும் எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரைக் கேட்டுத்தான் உயரம் அறிகிறது.

இதை அம்மைக்கு விளக்கினேன். "அப்போ அந்த நம்பரு ஆளைக் காக்குமா மக்களே?" என்றாள். நம்பர் மட்டும் காக்காது. அதைச் சரியாக வாசிக்கிற ஆளும் வேண்டும். டிப்ளமோ படிக்கும் நாம் அந்த ஆளாவோம். எண்ணைக் கண்டால் பொருளை அறிவோம், வதந்தியை விடுவோம்!