வெய்யில் தேடிச் சென்றோர்

அமெரிக்க நாட்டின் வடபுலத்தில் பனிக்காலம் நெடியது, கொடியது. ஆதலின் மூட்டுவலியால் வாடும் முதியோர் பலர், ஓய்வு பெற்றதும் தென்மேற்கிலுள்ள அரிசோனா மாநிலத்தை நாடுகின்றனர். அவர்களுக்கெனவே 1960இல் பீனிக்ஸ் நகரருகே 'சன் சிட்டி' என்னும் குடியிருப்பு திறக்கப்பெற்றது. தை மாதத்திலும் அங்கே முற்றத்தில் அமர்ந்து கதை பேசலாம். பனியை வாரிக் கொட்டும் வேலையில்லை. பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறியுமோ என்னும் அச்சமுமில்லை. முதுமைக்கு இது சிறிய பேறன்று.

ஆனால், ஆனி பிறந்ததும் அதே கதிரவன் அவர்களை வீட்டுக்குள் அடைத்துவிடுகிறான். (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் அமெரிக்க வழக்கத்தை அம்மாநிலத்தின் பெரும்பகுதி 1968இலேயே கைவிட்டது. மாலை வெய்யில் இன்னும் ஒரு மணி நேரம் எதற்கு?) 2023ஆம் ஆண்டில் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 பாகை செல்சியசைத் தாண்டியது. நடைபாதையில் விழுந்தவர்கள் தீப்புண்களோடு மருத்துவமனை சேர்ந்தனர். அந்நகர் அமைந்த மாரிகோப்பா மாவட்டத்தில் அவ்வாண்டு வெப்பத்திற்குப் பலியானோர் 645 பேர். தெருவில் வாழ்ந்தோர் மட்டுமல்லர். வீட்டினுள் மாண்டோரும் உளர். அவ்வீடுகளுள் பெரும்பாலானவற்றில் குளிர்சாதனம் இருந்தது, இயங்கத்தான் இல்லை.

பெற்றோரை அங்கே குடியமர்த்த எண்ணும் பிள்ளைகள் வீட்டு விலையை விசாரிக்கிறார்கள். கோடை மின்கட்டணத்தையும் விசாரிக்க வேண்டாமா? 2018இல், 51 டாலர் பாக்கிக்காக மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்ட மூதாட்டி ஒருவர், தனித்திருந்த வீட்டில் வெப்பத்தால் உயிர்நீத்தார். அதன் பின்னரே, 2019இல், கோடையில் இணைப்பைத் துண்டிக்கலாகாதெனத் தன் ஆளுகைக்குட்பட்ட மின் நிறுவனங்களுக்கு மாநில ஆணையம் தடை விதித்தது.