லீஸ் வீட்டில் வாடகை இல்லையா?



அண்மையில் ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது எம் மதரஸா மாணவர் ஒருவரின் தந்தை அருகில் வந்தார். "ஹஜ்ரத், கீழ்க்கட்டளையில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. 8 லட்சம் லீஸ். மூன்று வருடம் வாடகையே கிடையாது. வட்டிக்கு வாங்க மனமில்லை, வீட்டிலுள்ள நகையை விற்கப் போகிறேன். துஆ செய்யுங்கள்" என்றார்.

வட்டிக்கு அஞ்சி நகையை விற்க முன்வந்த மனிதர், அந்தப் பணத்தை வட்டியிலேயே கொண்டுபோய்ப் போடவிருக்கிறார் என்பதை எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. வங்கி வட்டியை மிம்பரில் இடித்துரைக்கும் ஆலிம்களாகிய நாம், லீஸ் என்றதும் ஏன் மௌனமாகிவிடுகிறோம்?

லீஸ் என்றும், தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில், குடியிருப்பவர் கொடுத்த தொகை முழுவதும் இறுதியில் அவருக்கே திரும்பி வருகிறது. முழுதாகத் திரும்பும் பணத்திற்கு வாடகை என்று பெயரில்லை, அது கடன். அந்தக் கடனுக்குப் பகரமாகவே அவர் மூன்றாண்டுகள் குடியிருக்கிறார். அதே வீட்டிற்கு மாத வாடகை 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு 1,44,000. 8 லட்சத்தின் மீது நூற்றுக்குப் பதினெட்டு! இது பணமாகக் கைக்கு வந்தால் ஹராம், கூடமும் சமையலறையுமாக வந்தால் ஹலாலா? கடன் கொடுத்தவர் நிபந்தனையிட்டுப் பெறும் பயன் வட்டியே என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபட்டு நிற்கின்றன.

நாட்டுச் சட்டமே நம்மைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், சுவாதீன அடமானம் என்ற ஒன்றை வரையறுக்கிறது. கடன் கொடுத்தவர் சொத்தைத் தம் வசம் வைத்து, அதன் பலனை வட்டிக்கு ஈடாகவோ அசலில் கழித்தோ அனுபவிப்பது அது. லீஸில் அசல் ஒரு ரூபாயும் கழிவதில்லை. அப்படியானால் மிஞ்சுவது எது?

அடகு வைக்கப்பட்ட பிராணிக்குத் தீனி போடுபவர் அதில் சவாரி செய்யலாம் என்ற புகாரியின் ஹதீஸைச் சிலர் எடுத்து நீட்டுகிறார்கள். அங்கே சவாரி தீனிச் செலவுக்கு ஈடு. 8 லட்சத்து வீடு என்ன தீனி தின்கிறது? இன்னும் சிலர் மாதம் 100 ரூபாய் வாடகை என்று பத்திரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். அல்லாஹ்வை ஏமாற்ற 100 ரூபாய் போதும் என்று நினைக்கிறார்கள் போலும். இருவரும் மனமொப்பித்தானே செய்கிறோம் என்பது இன்னொரு வாதம். கந்துவட்டிக்காரரிடமும் மனமொப்பித்தான் கையெழுத்திடுகிறார்கள்.

துன்யாவின் கணக்கிலும் இது ஆபத்தானது. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, உரிமையாளர் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கைப்பற்றும். அறிவிப்பு ஒட்டப்படும் கதவுக்குப் பின்னால் இருப்பவர் லீஸ்காரர். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கிறார்கள். கடனை எழுதி வைக்கக் கட்டளையிடும் அல்பகரா 282, குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம். அதை ஓதும் சமுதாயம் நாம்.

வாடகைக்கே போங்கள். கீழ்க்கட்டளையில் மெட்ரோ நிலையம் வருகிறது, ரேடியல் சாலையும் அருகில். வாடகை கட்டுப்படியாகாவிட்டால் மேடவாக்கத்தைக் கடந்து சித்தாலப்பாக்கம், மாம்பாக்கம் பக்கம் பாருங்கள். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று தரகரிடம் கேட்காமல் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். வில்லங்கச் சான்றும் பாருங்கள். மின்சாரத்திற்கு யூனிட் கணக்கு எப்படி என்பதை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகை கொடுத்தால் அந்தப் பணம் திரும்பாது என்பது உண்மைதான், அது வலிக்கும். ஆனால் இந்த வலிக்குப் பாதிக் காரணம் வீட்டு உரிமையாளர்களான நம் சகோதரர்களே. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம்' என்ற இடுக்கில் பத்து மாத அட்வான்ஸை நுழைத்து, காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்பவர்கள் நம்மிலும் உண்டு. வட்டி வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் ஆகிய அனைவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். லீஸ் பணம் வாங்கும் உரிமையாளர் அதில் வட்டி கொடுப்பவர். எழுதித் தரும் தரகர்களும் தம் இடத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தத் தந்தை மறுநாளே உரிமையாளரைச் சந்தித்து, லீஸ் வேண்டாம், வாடகைக்குத் தாருங்கள், மூன்று மாத முன்பணம் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். "பத்து மாதம் இல்லாவிட்டால் வேறு இடம் பாருங்கள் பாய்" என்று பதில் வந்ததாம்.

அந்த உரிமையாளர் எங்கள் பள்ளிவாசலில் முதல் ஸஃப்பில் தொழுபவர்.