ஆணி புடுங்கிக்கொண்டே கவிதை எழுதலாமா?

பொட்டி தட்டுகிறவன் கவிதை எழுதினால் அது பொழுதுபோக்கு. வேலையை விட்டுவிட்டு எழுதினால் அதுதான் இலக்கியம். இப்படி ஒரு நம்பிக்கை நம்ம ஆட்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. யாரும் நேராகச் சொல்வதில்லை. ஆனால் "நீங்கல்லாம் வேலைக்குப் போறவங்க, உங்களுக்கு எங்க நேரம்?" என்று கேட்கும்போது அந்த நக்கல் லேசாக எட்டிப் பார்க்கும். பாரதி பட்டினி கிடந்தார், ஆகவே பட்டினி கிடந்தால் பாரதி ஆகலாம் என்கிற மாதிரி ஒரு லாஜிக். கோட் எழுதுகிற எவனும் இந்த இஃப் கண்டிஷனை ரிவ்யூவில் பாஸ் பண்ண மாட்டான் :-)

சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் இந்தப் பதிவே தேவையில்லை. என் டீமில் ஒரு தம்பி இருக்கிறான். சங்கரன்கோவில் பக்கம், வயசு 26. நிஜமாகவே நன்றாக எழுதுகிறவன். வேலையை விடப் போகிறேன் என்கிறான். கல்விக் கடன் இன்னும் மூணு வருஷம் ஓடும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்ப் படிக்க வைத்தவர்கள். "கவிதைக்கு முழுசா இருக்கணும்ணே" என்கிறான். அவனிடம் சொன்னது, சொல்ல விட்டுப்போனது எல்லாம் சேர்த்து இங்கே. கொஞ்சம் நீளம்தான், ஆணி கம்மியா இருக்கும்போது படிங்க.

எங்கள் ஊர் திருவேங்கடம். கரிசல் காடு. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்குக் காத்து மட்டும்தான் வரும். ஆனாலும் கவிதை என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது குற்றாலக் குறவஞ்சிதான். 18ஆம் நூற்றாண்டில் அதை எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு, மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் மானியமாகக் கொடுத்தார். அந்த நிலத்துக்குப் பெயரே 'குறவஞ்சி மேடு'. அதாவது கவிராயர் வீட்டு அடுப்பு எரிவதற்கு ஒருத்தர் ஏற்பாடு பண்ணியிருக்கிறார். அதனால் குறவஞ்சியின் தரம் குறைந்துவிட்டது என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ராஜா போயாச்சு, ஜமீனும் போயாச்சு. இன்றைக்கு நமக்கு அந்த மேடு எது? மாசக் கடைசியில் வருகிற சம்பள எஸ்எம்எஸ்தான்.

கலாப்ரியாவை எடுத்துக்கொள்வோம். 1950ல் திருநெல்வேலியில் பிறந்தவர். இயற்பெயர் சோமசுந்தரம். பார்த்தது வங்கி வேலை. குடித்தனம் தென்காசி பக்கத்தில் இடைகால். 'வெள்ளம்' தொகுப்பு 1973ல் வந்தது. 1982ல் 'எட்டயபுரம்' என்று ஒரு நெடுங்கவிதை. பாரதி பிறந்து நூறு வருஷம் ஆகி, ஊரெல்லாம் விழா எடுத்துக்கொண்டிருந்த ஆண்டு அது. குற்றாலத்தில் கவிஞர்களைக் கூட்டி அவர் நடத்திய கவிதைப் பட்டறைகளைப் பற்றி மூத்த எழுத்தாளர்கள் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2009ல் 'நினைவின் தாழ்வாரங்கள்' என்று உரைநடைப் பக்கமும் வந்து ஒரு கலக்கு கலக்கினார். இவ்வளவும் அருவிக்கரையில் தாடி வளர்த்துக்கொண்டு உட்கார்ந்து செய்ததல்ல. காலையில் பேங்குக்குப் போய், வீட்டுக்கு வந்து, மிச்சம் இருந்த நேரத்தில் செய்தது.

அவர் கவிதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் கவிஞர் குறுக்கே வந்து கருத்து சொல்ல மாட்டார். காட்சி, அடுத்து இன்னொரு காட்சி, அவ்வளவுதான். நெல்லைத் தெருக்கள், கைகூடாமல் போன காதலின் சசி, சினிமா, கோயில், அழுக்கு, பசி, நாம் கண்ணை மூடிக்கொள்கிற அசிங்கங்கள். எதையும் கழுவித் துடைத்து வைக்க மாட்டார். இந்தக் கண் எங்கே இருந்து வந்தது? நான் நினைப்பது இதுதான்: நாள் முழுக்க ஜனங்கள் வந்து போகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, கம்மலைக் கழற்றி அடகு வைக்க வருகிற அம்மாவின் முகம் தெரியும். லோன் கிடைக்காமல் திரும்புகிறவனின் செருப்புச் சத்தம் தெரியும். வேலை கவிஞனிடமிருந்து நேரத்தைப் பிடுங்கும், வாஸ்தவம்தான். ஆனால் பதிலுக்கு ஆட்களைக் கொண்டுவந்து எதிரில் நிறுத்தும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் இத்தனை முகம் எங்கே கிடைக்கும்?

கலாப்ரியா மட்டும் விதிவிலக்கு என்றும் சொல்ல முடியாது. வண்ணதாசனும் பேங்க் ஆசாமிதான். 2016ல் 'ஒரு சிறு இசை'க்கு சாகித்ய அகாதமி வாங்கினார். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கோவில்பட்டி. அங்கே தேவதச்சன் நகைக்கடை நடத்திக்கொண்டே எழுதினார். 1982ல் அவரும் ஆனந்தும் சேர்ந்து போட்ட தொகுப்பின் பெயர் 'அவரவர் கைமணல்'.

இந்தத் தலைப்பு எனக்கு இன்னொரு புத்தகத்தை ஞாபகப்படுத்தும். ஜப்பானில் 1910ல் வந்த 'ஒரு பிடி மணல்'. எழுதியவர் இஷிகாவா தகுபோகு. தான்கா கவிஞர். தான்கா என்றால் ஹைக்குவுக்கு அக்கா முறை. 5-7-5-7-7 என்று 31 அசை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிலவும் பூவும் அரண்மனைக் காதலுமாக இருந்த வடிவம். அதற்குள் கடன், சம்பளம், ஊர் நினைப்பு, ஆபீஸ் அலுப்பு எல்லாவற்றையும் இந்த ஆள் கொண்டுவந்து போட்டார். ஒரே வரியாக அச்சடிக்கிற வழக்கத்தை விட்டு மூன்று வரியாக உடைத்தார்.

தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இவர் கதையைத்தான். 1908ல், குடும்பத்தை ஹகோதாத்தேயில் விட்டுவிட்டு, நாவல் எழுதியே பிழைப்பது என்று தோக்கியோவுக்கு வந்தார். நாவல் விலை போகவில்லை. நண்பர்களிடம் கடன். 1909ல் அசாஹி பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலை, மாசம் 25 யென். 'ஒரு பிடி மணல்' தொகுப்பின் 551 தான்காக்களில் பெரும்பாலானவை அந்த வேலையில் இருந்த காலத்தில் எழுதியவை. (அந்த வருஷம் மனைவி படித்துவிடக் கூடாது என்று ரோமன் எழுத்தில் ஒரு டைரியும் எழுதினார். அந்தக் காலத்துத் தங்கிலீஷ்!) அதே 1909ல் ஒரு கட்டுரையும் எழுதினார். கவிதை என்பது விருந்துப் பலகாரமாக இருக்கக் கூடாது, தினச் சாப்பாட்டில் தொட்டுக்கொள்கிற ஊறுகாய் மாதிரி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தினமும் ஆபீஸ் போகிறவனுக்குத்தான் இப்படித் தோன்றும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சம்பளம் போதவில்லை. காசநோய். 1912 மார்ச்சில் அம்மா போனார். ஏப்ரலில் இவர். வயசு 26. இரண்டாவது தொகுப்பு அவர் செத்த பிறகுதான் வந்தது. மறு வருஷம் மனைவியும் அதே நோயில் போனார். வறுமைதான் அவரை எழுத வைத்தது என்று சொல்கிறவர்கள், அடுத்த முப்பது வருஷத்துக் கவிதைகளை எது தின்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரதிக்கும் இதே கணக்குதான். 38 வயசில் போனவர்.

"அப்போ விக்ரமாதித்யன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவரும் நெல்லைக்காரர். எந்த வேலையிலும் நிலைக்காமல் அலைந்தவர். அந்த அலைச்சலே அவர் கவிதை. 2021ல் விஷ்ணுபுரம் விருது கொடுத்துக் கொண்டாடினார்கள், சந்தோஷம். அவரை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த வாழ்க்கையின் விலையை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், வீட்டில் இருப்பவர்கள் கொடுத்த விலையையும் சேர்த்து. அதைப் படித்துவிட்டும் ஒருத்தன் அந்தப் பக்கம் போனால் அது அவன் இஷ்டம். அதுதான் ஒரே வழி, மற்றதெல்லாம் அரைகுறை என்று சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நம்ம ஐடி வேலையில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடணும். பேங்க் கவுண்டருக்கு ஆள் வருவார்கள். நம் ஸ்க்ரீனுக்கு டிக்கெட்தான் வரும். ராத்திரி பத்து மணிக்குக் கிளையண்ட் கால் இருந்தால் கவிதை இல்லை, தூக்கம்கூட வராது. அப்படி உறிஞ்சுகிற வேலை என்றால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சாயங்காலம் மிச்சமாகிற வேலைக்குப் போங்கள். வேலையை மாற்றுவது வேறு, வேலையே வேண்டாம் என்பது வேறு.

இன்னொன்று. நேரம் இல்லை என்று சொல்கிற நாம், இருக்கிற நேரத்தில் எதை எழுதுகிறோம்? நிலா, மழை, தேவதை. நம் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போவதை எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? கிளாம்பாக்கத்தில் திருநெல்வேலி பஸ் பக்கம் போனாலே காதில் விழுகிற "ஏலே"வை? ஸ்டாண்டப் காலில் இருக்கும்போது ஊரிலிருந்து அம்மா கூப்பிட, கட் பண்ணுகிற அந்த விரலை? இதையெல்லாம் எழுத ராஜினாமா கடிதம் தேவையில்லை. தகுபோகு 31 அசைக்குள் எழுதினார். ஆபீஸ் கேபில் திருவான்மியூர் தாண்டுவதற்குள் அவ்வளவு எழுதிவிடலாம்.

தம்பி நோட்டீஸ் பீரியட் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படிப்பான் என்று நம்புகிறேன். விட்டே தீருவேன் என்றால் கடனை முடித்துவிட்டு விடட்டும். அப்போது முதல் தொகுப்பின் பத்துப் பிரதியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

டிஸ்கி: இது கவிதை எழுதத் தெரிந்தவர்களுக்கான பதிவு. என்னை மாதிரி கவிதை படிக்க மட்டும் தெரிந்தவர்கள் எக்காரணம் கொண்டும் வேலையை விட வேண்டாம் :-)