நிறம் மாறினால் மருந்தாகிவிடுமா?

சரவணம்பட்டி தொடங்கி கோவையைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் மருந்தியல், உயிர்வேதியியல் மாணவர்களுக்கு மூலிகை வேர்ச்சாறு பழகிய ஆய்வுப்பொருள். வேரை நிழலில் உலர்த்திப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிக்கிறார்கள். அந்தச் சாற்றை ஊதா நிற டிபிபிஹெச் கரைசலில் கலந்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால், ஊதா வெளிறி மஞ்சளாகிறது. 517 நானோமீட்டரில் நிறம் எவ்வளவு குறைந்தது என்பதுதான் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புக்கு அளவுகோல். அழற்சி எதிர்ப்புக்கு, முட்டை வெள்ளைக்கருவோடு சாற்றைச் சூடேற்றி, அது திரள்வது எவ்வளவு தடைப்பட்டது என்று டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணியுடன் ஒப்பிடுகிறார்கள். செலவு குறைந்த இந்தச் சோதனைகளில் பிழையில்லை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, 'இந்த வேர் மருந்தாகும்' என்று முடிவுரை எழுதுவதுதான் பிழை.

டிபிபிஹெச் மனித உடலில் இல்லாத செயற்கைப் பொருள். டைக்ளோபினாக் வீக்கத்தைக் குறைப்பதும் வெள்ளைக்கருவைத் திரளாமல் காப்பதால் அல்ல. சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியைத் தடுப்பதால். குழாயில் வேலை செய்த சாறு குடலில் சிதையலாம், கல்லீரலில் உருமாறலாம், ரத்தத்தை எட்டாமலே போகலாம். எட்டினாலும் நன்மைக்கு உத்தரவாதமில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி என்று நம்பிக் கொடுக்கப்பட்ட பீட்டா கரோட்டின், நுரையீரல் புற்றுநோயை 18 சதவீதம் கூட்டியது.

மருந்து எப்படி உருவாகிறது என்பதற்குக் கொங்கு மண்ணிலேயே சான்று உண்டு. தாராபுரம், மூலனூர் வட்டாரத்தில் விதைக்காகப் பயிராகும் கண்வலிக்கிழங்கில், அதாவது நம் மாநில மலரான செங்காந்தளில், கால்சிசின் இருக்கிறது. கீல்வாத வகையான கவுட் நோயின் அழற்சியை அது தணிக்கிறது. வெள்ளணுக்களின் உள்ளே டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் நகர்வைத் தடுக்கிறது. 2023-ல் அமெரிக்கா அதே கால்சிசினை, நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்ற அளவில், இதய நோயாளிகளுக்கும் அனுமதித்தது. அளவு மீறினால் அதுவே உயிரைக் குடிக்கும் நஞ்சு. மூலப்பொருளைப் பிரித்தறிந்து, செயல்படும் விதத்தைக் கண்டு, நஞ்சின் எல்லையை அளந்து, மனிதரிடம் சோதித்த பிறகே இதய நோய்க்கு அந்த அனுமதி கிடைத்தது.

வசதி குறைந்த கல்லூரிகள் வேறென்ன செய்ய முடியும் என்று கேட்பது நியாயமே. மாணவர் கைபழக இச்சோதனைகள் தேவை. பயிற்சியைக் கண்டுபிடிப்பு என்று அழைக்க வேண்டாம் என்பதே நம் வாதம். வசதி இல்லாமலும் செய்யக்கூடியது உண்டு: கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்தில் செடி எது என்று உறுதிசெய்துகொள்வதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. சித்த மருத்துவம் முன்பே சோதித்ததுதானே என்பது இன்னொரு வாதம். வைத்தியர் தருவது சுத்தி செய்த வேரை, அளவும் துணைமருந்தும் பத்தியமும் சொல்லி. மெத்தனால் சாற்றை அல்ல. அவருடைய அனுபவம் ஆய்வுக்குத் தக்க காரணமாகலாம், ஆய்வின் முடிவாகாது.

இலையைப் பறித்தால் மீண்டும் துளிர்க்கும். வேரைப் பிடுங்கினால் பெரும்பாலும் செடியே போய்விடும். 'இந்த வேர் மருந்தாகும்' என்று அவசரமாக எழுதும் ஒரு வரி, காட்டில் செடியையும் வீட்டில் நோயாளியையும் ஒருசேரக் கெடுக்கும். எந்த அளவில், யாருக்கு, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இல்லாத ஆய்வேட்டில் 'மருந்தாகும்' என்ற சொல் இருந்தால், வழிகாட்டும் ஆசிரியரே அதை அடித்துவிட வேண்டும்.