துணைக்குக் கூலி கேட்டால் குற்றமா?

"பெற்ற தாய் இருக்கும்போது டூலா (கூலிக்கு வரும், பயிற்சி பெற்ற பிரசவத் துணை) எதற்கு? ரமணாசிரமம் பக்கத்து வெளிநாட்டவர் மோகம்" என்கிறார்கள். அந்தத் தாய் எங்கே நிற்கிறாள்? ஜவ்வாது மலையிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்தவள், வெந்நீர் பிளாஸ்க்கும் பழைய பருத்திப் புடவையுமாகப் பிரசவ வார்டுக் கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே மகள் தனியாக. துணை ஒருவரை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே சொல்லியாயிற்று. உடன் ஆள் தொடர்ந்து இருந்தால் சிசேரியன் குறைகிறது என்கிறது 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் அறிக்கை. தமிழ்நாட்டிலோ 2019-21 கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 சதவீதம்!

"சேவைக்குக் காசா?" என்பது அடுத்த குற்றச்சாட்டு. இரவெல்லாம் கண்விழித்து இடுப்பை நீவிவிடுபவளிடம் மட்டும் ஏன் இலவசம் கேட்கிறோம்? ஏழைக்குக் கட்டுப்படியாகாது என்பது நியாயம்தான். அப்படியானால் பயிற்சி பெற்றவர்களை அரசே சம்பளத்துக்கு அமர்த்தட்டும்.