முதலில் ஒரு குழி வெட்டுங்கள்
வீட்டையே வண்டியாக ஓட்டி வருபவர்கள் இரவு தங்கிவிடக் கூடாதென்று, பிரான்ஸின் கடற்கரை ஊர்கள் சில வாகன நிறுத்தத்தின் வாசலில் உயரத்தடுப்புக் கம்பி போடுகின்றன. வண்டி நுழையாதுதான், அதற்காக அதன் கழிப்பறைத் தொட்டி நிரம்பாமல் இருக்குமா? உள்நாட்டுச் சிற்றூர்கள் பல விவரமானவை. குடிநீர்க் குழாய், பாத்திரம் கழுவிய நீர் வடியத் தரையில் ஒரு சல்லடை, கழிப்பறைத் தொட்டியைக் கவிழ்க்க ஒரு குழி, இரவு நிறுத்த இடம் எல்லாம் வைத்திருக்கின்றன. சிலவற்றில் கட்டணமே இல்லை. (காலையில் ரொட்டிக் கடைக்காரருக்கு வரவு!) 1993-இல் தொடங்கிய ‘பிரான்ஸ் பாசியோன்’ திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் 24 மணி நேரம் இலவசமாக இடம் தருகிறார்கள்; எதையும் வாங்கியாக வேண்டிய கட்டாயமில்லை. கடற்கரை நகராட்சிகள் கம்பிக்குச் செலவழிப்பதை விட்டுக் குழிக்குச் செலவழிக்கட்டும்.