இழுத்தவர்களைக் கேளுங்கள்

புக்கிட் ரோத்தானில் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கும் என் அக்காள் மகன் ஃபோர்வீல் வாங்கப் போகிறான். குலைகளை டிரெய்லரில் ஏற்றி ஆலைக்கு இழுத்துப் போக வேண்டும். அவனுடைய மச்சானின் படகைப் பாசிர் பெனம்பாங் ஆற்றங்கரைக்கும் இழுக்க வேண்டும். துணைக்கு நானும் போனேன். கடையில் இருந்த இளைஞர் திரையின் அகலத்தையும் இருக்கையின் தோலையும் பற்றி விடாமல் பேசினார். டிரெய்லருக்குத் தனி பிரேக் இருந்தால் எவ்வளவு எடை, இல்லாவிட்டால் எவ்வளவு என்று கேட்டேன். "எது வேணும்னாலும் இழுக்கும் அங்கிள்" என்றார். அந்தப் பதில் மூட்டிய கோபம் இந்த வாரம் முழுக்க ஆறவில்லை.

எது வேண்டுமானாலும் இழுக்காது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ரேஞ்சர் என்று நம் ஊரில் ஓடும் வண்டிகளுக்கு ஆஸ்திரேலியாவில் தயாரிப்பாளர்களே குறிக்கும் உச்ச வரம்பு 3,500 கிலோ. அதுவும் டிரெய்லரில் சொந்த பிரேக் இருந்தால்தான். இல்லையென்றால் 750 கிலோ, டிரெய்லரின் எடையையும் சேர்த்து. முற்றிய மரத்துக் குலை ஒன்று 20 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். நாற்பது குலை ஏற்றினாலே வரம்பு தாண்டிவிட்டது. பிரேக் இல்லாத டிரெய்லர் ஈரச் சாலையில் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளும்போது அகலத் திரை என்ன செய்யும்?

வாங்குகிறவன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். ஏணி போன்ற சேஸி, பின்னால் லீஃப் ஸ்பிரிங், லோ-ரேஞ்ச் கியர், பின் டிஃபரன்ஷியலுக்குப் பூட்டு. இந்த நான்கும் இருந்தால் பெயர்ப்பலகை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். உதிரிப்பாகம் கோல சிலாங்கூரிலேயே கிடைக்க வேண்டும் என்பது ஐந்தாவது. படகு இழுப்பவர்களுக்கு ஆறாவது ஒன்றும் உண்டு: உப்புநீரில் இறங்கிய வண்டியின் அடிப்பக்கத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால், இஞ்சின் நன்றாக இருக்கும்போதே சேஸி துருப்பிடித்துப் போகும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். இந்த வட்டாரத்து மண்ணை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கடலோரக் களிமண் மழையில் டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். அப்புறம் நான்கு சக்கரமும் சுற்றும், வண்டி நகராது. உள்ளே ராஜா மூசா பக்கம் கரிமண். அங்கே கனமான வண்டிதான் முதலில் புதையும். "பெருசா வாங்குறதுல என்ன இருக்கு, மண்ணு எவ்வளவு தாங்கும்னு பாருங்க" என்பார். இவ்வளவு தெரிந்த மனிதரிடம் எந்தக் கடைக்காரரும் யோசனை கேட்டதில்லை. எந்தப் புத்தகமும் கேட்டதில்லை.

புத்தகம் என்றதும் எனக்கு ஆன்றி ஃபோக்கோனியே நினைவுக்கு வந்துவிடுகிறார். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவரைத் தெரியும். 1905-இல் மலாயா வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர். சுமத்ராவிலிருந்து கொண்டுவந்த செம்பனையை 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் அது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில், நம் வாசலில் நடந்த கதை. அவர் எழுதிய 'மலேசி' நாவல் 1930-இல் கோன்கூர் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. அந்த நாவலை நான் நேசிக்கிறேன். மழைக்கு முந்தைய காற்று, காட்டின் வெக்கை, இரவின் ஒலி எல்லாவற்றையும் இந்த மண்ணிலேயே பிறந்தவர்போல எழுதியிருக்கிறார். மலாய்ப் பந்துன்களை நூல் முழுக்கப் பதித்திருக்கிறார். அவர் மனம் மலாய் வாழ்வின் பக்கம் சாய்ந்திருந்தது; அதில் எனக்கு வருத்தமில்லை. மாட்டுவண்டி ஓட்டியவனின் கைக்கணக்கை அவர் போன்ற ஒரு கண் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம்.

செம்பனையின் உயிரே அந்தக் கைக்கணக்கில்தான் இருக்கிறது. பால்மரத்துப் பாலைப் பால்காட்டிலேயே வாளியில் சேர்த்துவிடலாம். செம்பனைக் குலை அப்படியில்லை. அடிபட்டாலும் தாமதித்தாலும் பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்து, அமிலத்தை ஏற்றிவிடும். வெட்டி 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும் என்று சொல்வது அதனால்தான். ஆண்கள் வெட்டினார்கள், பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினார்கள். ஆனால் சேற்றைக் கடந்து நேரத்துக்குள் இழுத்துச் சேர்த்தவன் இல்லையென்றால் அந்த உழைப்பு முழுவதும் வீண். முதலில் காளையும் எருமையும், டிராலியும், பிறகு டிராக்டர். எந்த மழைக்கு எந்தப் பாதை, எத்தனை குலைக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதைத் தகப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான்.

2017-இல் செம்பனையின் நூற்றாண்டைக் கொண்டாடினோம். ஃபோக்கோனியேவின் பெயர் சொல்லப்பட்டது, சொல்லப்பட வேண்டியதுதான். இழுத்தவர்களின் பெயர் எங்கே? பின்னாளில் அந்த ஓட்டுநர்களின் பிள்ளைகள் பலர் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்க் கொள்கலன் லோரி ஓட்டினார்கள். பாரம் இழுக்கும் திறமை அவர்களோடு போனது, அது எங்கிருந்து வந்தது என்ற கதை லயத்தோடு இடிக்கப்பட்டது.

தென்னமரம், ராஜா மூசா, சிலாங்கூர் ரிவர், புக்கிட் ஈஜோக் தோட்டங்களில் வண்டியோ டிராக்டரோ ஓட்டியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு எந்த டிராக்டர் வந்தது, ஒரு நடைக்கு எத்தனை குலை, எந்த மேட்டில் எந்தக் கியர், புதைந்தால் எப்படித் தூக்கினார்கள், ஒரு நாளைக்கு எத்தனை வெள்ளி கூலி. கைப்பேசியில் பதிவு செய்தாலும் போதும். எனக்கு அனுப்புங்கள், அவர்கள் அனுமதித்தால் பெயரோடு இங்கேயே வெளியிடுகிறேன்.